ஓட்டை எங்கே என்று முதலில் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் வாகனக் கேள்வி-பதில் பகுதியை விடாமல் படிப்பவன் நான். போன வாரம் ஒரு லாரி ஓட்டுநர் கேட்டிருந்தார்: வண்டியின் ரேடியேட்டர் ஒழுகுகிறது, அலுமினியம் என்கிறார்கள், சரி செய்ய முடியுமா? அதற்கு வந்த பதில் ஒரே வரி. "அலுமினியத்தைப் பற்றவைக்க முடியாது, புதிதாக மாற்றிவிடுங்கள்."

அந்தப் பதிலைப் படித்துவிட்டு, கையில் இருந்த கம்பி பிரஷைப் பார்த்துக்கொண்டேன். அதை வைத்துத்தான் இத்தனை வருஷமாக என் வீட்டில் அடுப்பு எரிகிறது. ரேடியேட்டரும் இன்டர்கூலரும்தான் என் தொழில். மாற்றவே வேண்டிய ரேடியேட்டர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஓட்டை எங்கே, எவ்வளவு பெரிது, எதனால் வந்தது என்று எதையும் கேட்காமல் மாற்று என்று சொல்வது எனக்கு உறுத்தியது. அதே அளவுக்கு இன்னொன்றும் உறுத்துகிறது: எதையும் கேட்காமல் "ஒட்டிடலாம் அண்ணே" என்று பசையைக் குழைக்க ஆரம்பிப்பவர்கள். இரண்டு பேரும் ஓட்டையைப் பார்ப்பதில்லை.

நான் தொழிலுக்கு வந்தபோது லாரி ரேடியேட்டர் என்றால் தாமிரமும் பித்தளையும்தான். பற்றவைக்கும் ஈயம், அதாவது வெள்ளீயம் கலந்த ஈயம், 200, 250 டிகிரியில் உருகிவிடும். தாமிரம் உருக ஆயிரத்துக்கு மேல் வேண்டும். இடையில் அவ்வளவு இடம் இருந்ததால் கை கொஞ்சம் தவறினாலும் பரவாயில்லை. டார்ச்சைக் காட்டி, உலோகத்தைச் சுத்தமாக்கும் ஃபிளக்ஸ் தடவி, ஈயத்தை ஓடவிட்டால் அது தானாகவே இடுக்கைத் தேடிப் போகும். அப்புறம் அலுமினியம் வந்தது. அதே கனஅளவு தாமிரத்தில் மூன்றில் ஒரு பங்கு எடைகூட இருக்காது. வெப்பத்தைக் கடத்துவதில் தாமிரத்தைவிடக் குறைவுதான் என்றாலும், அகலமான குழாய்களையும், அவற்றுக்கு இடையில் நெருக்கமான ஃபின் என்ற மெல்லிய தகடுகளையும் வைத்து அதை ஈடுகட்டிவிட்டார்கள். வண்டிக்கு நல்லது. எங்களுக்குத்தான் தலைவலி.

என் கைக்கு வந்த முதல் அலுமினிய ரேடியேட்டரை நான் கொன்றேன். வேறு வார்த்தை இல்லை. இரும்பென்றால் சூடேறும்போது சிவக்கும், "போதும்" என்று நமக்குச் சொல்லும். அலுமினியம் சொல்லாது. 660 டிகிரியில் உருகும்வரை அதே வெள்ளை நிறம்தான். டார்ச்சைக் காட்டிக்கொண்டே, இன்னும் சூடேறவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். மழையில் நனைந்த மண்சுவர் மாதிரி குழாய் அப்படியே உள்ளே இறங்கிவிட்டது. விரல் நகம் அளவுக்கு இருந்த ஓட்டை உள்ளங்கை அளவு ஆனது. எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் வந்து பார்த்துவிட்டு எதுவும் பேசவில்லை. டார்ச்சை மட்டும் வாங்கி அணைத்தார்.

அந்தத் தோல்விக்குக் காரணம் சூடு மட்டும் இல்லை என்று பிறகுதான் புரிந்தது. அலுமினியத்தைச் சுரண்டி வைத்தால் கண்மூடித் திறப்பதற்குள் காற்றுப் பட்டு அதன் மேல் ஆக்சைடு படலம் ஒன்று உருவாகிவிடும். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லியது. அடியில் இருக்கும் உலோகம் 660-இல் உருகினால் மேலே இருக்கும் இந்தப் படலம் உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். அதாவது உள்ளே தண்ணீராக ஆனபிறகும் மேலே தோல் போர்த்திக்கொண்டு நிற்கும். நாம் வைக்கும் கம்பியின் உலோகம் அந்தத் தோலின் மேல் முத்து முத்தாக உருண்டு ஓடுமே தவிர, பிடிக்காது. "அலுமினியம் ஒட்டாது" என்று சொல்பவர்கள் கண்டது இதைத்தான். தோலை எடுத்தால் ஒட்டும்.

அதனால்தான் அலுமினியத்துக்கு ஆர்கான் வெல்டிங், அதிலும் ஏ.சி. கரன்ட். மின்சாரம் ஒரு பக்கம் போகும்போது அந்தப் படலத்தை உடைத்துத் தூக்குகிறது, மறுபக்கம் திரும்பும்போது உலோகத்தை உருக்குகிறது. விநாடிக்குப் பல தடவை இது மாறி மாறி நடக்கிறது. ஆர்கான் வாயு காற்றை அண்டவிடாமல் காவல் நிற்கிறது. ஓட்டுநர்கள் இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்: "ஆர்கான் வெல்டிங் செய்யப்படும்" என்ற பலகையை நம்பி வண்டியை விடாதீர்கள். பல இடங்களில் இருக்கும் மிஷின் டி.சி. மட்டும்தான் தரும்; அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு நல்லது, அலுமினியத்துக்கு உதவாது. "உங்க மிஷின்ல ஏ.சி. இருக்கா?" என்று ஒரு கேள்வி. பதில் சொல்லத் தடுமாறினால் வண்டியைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

ஒரு வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ரேடியேட்டர் அல்ல, இன்டர்கூலர். டர்போ அழுத்தி அனுப்பும் காற்றைக் குளிரவைக்கிற, ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கிற அலுமினியக் கூடு. பாரம் ஏற்றிய லாரி மேடேறும்போது டர்போவிலிருந்து வரும் காற்று 150, 200 டிகிரி சூட்டில் வரும். அதை இன்டர்கூலர் சுமார் 50 டிகிரிக்கு இறக்கிக் கொடுத்தால்தான் சிலிண்டருக்குள் போதுமான காற்று அடையும். அதில் கசிவு வந்தால் தரையில் சொட்டாது. அதுதான் சிக்கல். ரேடியேட்டர் ஒழுகினால் கண்ணுக்குத் தெரியும். இன்டர்கூலர் ஒழுகினால் ஓட்டுநருக்கு முதலில் தெரிவது டீசல் செலவு.

அந்த வேலைக்கு வந்த லாரி என்னிடம் வருவதற்கு முன்பே வேறு இடங்களில் டீசல் ஃபில்டர் மாற்றியாகிவிட்டது, ஏர் ஃபில்டர் மாற்றியாகிவிட்டது, இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சோதித்து மாட்டியாகிவிட்டது. மேட்டில் இழுவை இல்லை, கரும்புகை, டீசல் குடிக்கிறது. அடுத்து டீசல் பம்பைக் கழற்றலாம் என்று சொல்லியிருந்தார்கள். நின்ற இடத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பாரம் இல்லாதபோது டர்போ பெரிதாக அழுத்தம் தருவதில்லை. அப்புறம் கசிவு எப்படித் தெரியும்? ஓட்டுநரிடம் ஒன்றுதான் கேட்டேன்: "மேடேறும்போது எங்கேயாவது விசில் சத்தம் கேட்குதா தம்பி?" அவர் கொஞ்சம் யோசித்தார். "கேட்குது அண்ணே. டர்போ சத்தம்னு விட்டுட்டேன்."

கேபினைத் தூக்கிப் பார்த்தேன். இன்டர்கூலரின் கீழ் மூலையில், டேங்க் என்கிற ஓரத்துப் பெட்டி வந்து சேரும் இடத்தில், விசிறி மாதிரி விரிந்த கறுப்புத் தடம். டர்போவிலிருந்து கொஞ்சம் எண்ணெய் ஆவி எப்போதும் வரும். விரிசல் வழியாக அது பீய்ச்சி அடித்து, அதில் சாலைத் தூசி ஒட்டி, கை வைத்தால் பிசுபிசுவென்று இருந்தது. பாதிக் கதை அங்கேயே முடிந்தது. மீதிக்குச் சோதனை வேண்டும்.

சோதனை எளிது. இன்டர்கூலரின் இரண்டு வாயையும் அடைத்து, 30 பவுண்டு காற்று ஏற்றி, வால்வை மூடிவிட்டு 15 விநாடி மீட்டரைப் பார்க்க வேண்டும். 5 பவுண்டு வரை இறங்கினால் பரவாயில்லை என்பது தொழிலில் உள்ள கணக்கு. 7 வரை விடும் இன்ஜின் கம்பெனியும் உண்டு. இன்டர்கூலரில் சிறு கசிவு குற்றமில்லை. ரேடியேட்டருக்கு இந்தச் சலுகை கிடையாது, அதில் ஒரு குமிழிகூட வரக்கூடாது. அந்த லாரியின் மீட்டர் 15 விநாடியில் 30-இலிருந்து பத்துக்குக் கீழே வந்துவிட்டது. சோப்புத் தண்ணீர் அடித்தோம். மூலையில், டேங்கின் வெல்டிங் தையலை ஒட்டி, சுண்டுவிரல் நீளத்துக்கு நுரை வரிசை கட்டி நின்றது.

அடைப்பான்களைப் பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். 30 பவுண்டு சின்ன எண் மாதிரித் தெரியும். அந்த வாயின் அகலத்தில் அது ஒரு ஆள் எடையைத் தாண்டிய தள்ளுதல். அடைப்பான் பிய்த்துக்கொண்டு வந்தால் பீரங்கிக் குண்டுதான். என் பட்டறைக் கதவில் ஒரு பள்ளம் இருக்கிறது, அது அப்படி வந்தது. அன்றிலிருந்து அடைப்பான் இரண்டையும் சங்கிலி போட்டுக் கட்டாமல் காற்று ஏற்றுவதில்லை. எதிரே யாரும் நிற்பதுமில்லை.

இன்டர்கூலரைக் கழற்றினோம். வண்டியிலேயே வைத்து வெல்டிங் செய்யச் சொல்லி அந்த ஓட்டுநர் கெஞ்சினார், அவருக்கு லோடு காத்திருந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. இந்தக் காலத்து வண்டிகளில் கம்ப்யூட்டர் இருக்கிறது, வெல்டிங் கரன்ட் அதன் வழியாகப் போனால் இன்டர்கூலரை மிஞ்சிய செலவு வந்து நிற்கும். அதைவிடப் பெரிய காரணம், எண்ணெய். உள்ளே ஊறிப்போன எண்ணெயை வண்டியில் வைத்துக்கொண்டே எடுக்க முடியாது.

வெல்டிங் அடித்த நேரம் இருபது நிமிஷம் இருக்கும். அதற்கு முன்னால் சுத்தம் செய்ததற்கு ஒன்றரை நாள். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, அதனால் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். எண்ணெய் எடுக்கும் திரவத்தை ஊற்றி ஊறவைத்து, ஆட்டி, கொட்டி, வெந்நீர் விட்டு அலசி, மறுபடி திரவம். கொட்டும் தண்ணீர் தேநீர் நிறத்திலிருந்து தெளியும்வரை. பிறகு காற்றடித்து, வெயிலில் நிமிர்த்தி வைத்து உலரவிட்டோம். விரிசலின் இரண்டு முனையிலும் சின்னத் துளை போட்டோம். அதைப் போடாவிட்டால் வெல்டிங் சூட்டில் விரிசல் இன்னும் ஓடும். விரிசல் நெடுக 'வி' வடிவில் பள்ளம் எடுத்தோம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிரஷால் வெள்ளி மாதிரி மின்னும்வரை தேய்த்தோம். அந்த பிரஷ் அலுமினியத்துக்கு மட்டும்தான். இரும்பைத் தேய்த்த பிரஷை இதில் வைத்தால் இரும்புத் துகள் புகுந்து வேலை கெட்டுப்போகும். கடைசியில் அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணி. துணியில் கறை வருவது நிற்கும்வரை.

அவ்வளவும் செய்து ஆர்க்கைப் பற்றவைத்தால், படபடவென்று கறுப்பாகத் துப்பியது. சூட்டில் தையலுக்குள்ளிருந்து இன்னும் எண்ணெய் கசிந்து வந்துகொண்டிருந்தது. நிறுத்தி, கறுத்ததை எல்லாம் கடைந்து எடுத்து, மறுபடி பிரஷ், மறுபடி அசிட்டோன். இரண்டாவது தடவையும் துப்பியது, கொஞ்சம் குறைவாக. மூன்றாவது தடவைதான் உருகிய உலோகக் குளம் தெளிவாக, பாதரசம் மாதிரி நின்றது. நிரப்புக் கம்பியாக 5 சதவீதம் சிலிக்கன் கலந்த அலுமினியக் கம்பி. சிலிக்கன் இல்லாத கம்பியில் அடித்தால் ஆறும்போது தையலின் நடுவிலேயே வெடித்துவிடக்கூடும். இப்போதெல்லாம் எனக்குக் கண்ணாடி இல்லாமல் குளம் தெரிவதில்லை, ஆகவே வெல்டிங் அடித்தது என்னிடம் தொழில் பழகும் பையன். நான் பிரஷ்காரன்தான். அதில் எனக்கு வருத்தமில்லை, அலுமினியத்தில் பிரஷ்காரன்தான் முக்கியம் என்று அவனிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

மறுபடி 30 பவுண்டு. 15 விநாடியில் 2 பவுண்டு இறங்கியது. போதும்.

ஆனால் அதோடு விட்டிருந்தால் அந்த வண்டி இரண்டு மாதத்தில் திரும்பி வந்திருக்கும். விரிசல் ஏன் அந்த மூலையில் வந்தது? இன்டர்கூலர் உட்காரும் ரப்பர் தேய்ந்து அப்பளம் மாதிரி ஆகியிருந்தது. இரும்பும் அலுமினியமும் நேரடியாக மோதிக்கொண்டு, சாலையின் ஒவ்வொரு பள்ளமும் அந்த மூலையில் போய் விழுந்திருக்கிறது. புது ரப்பர் போட்டு மாட்டினோம். நாலாவது நாள் ஓட்டுநர் போன் செய்தார். "அண்ணே, அதே மேட்டுல ஒரு கியர் கூட வச்சு ஏறுது. விசிலும் காணோம்."

இன்டர்கூலர் டேங்க் கெட்டியான உலோகம், அதனால் வெல்டிங் தாங்கியது. ரேடியேட்டர் கதை அப்படி இல்லை. அதன் குழாய்ச் சுவர் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. தொழிற்சாலையில் அந்தக் குழாய்களை வெல்டிங் செய்வதில்லை. மேலே சிலிக்கன் கலந்த அலுமினியப் பூச்சு ஒன்றைக் கொடுத்து, நைட்ரஜன் நிரப்பிய உலையில் சுமார் 600 டிகிரிக்குக் கொண்டுபோய், பூச்சை மட்டும் உருக்கி எல்லா மூட்டையும் ஒரே நேரத்தில் பிடிக்கவைக்கிறார்கள். பூச்சு 577 டிகிரியில் உருக ஆரம்பிக்கும், உள்ளே இருக்கும் குழாய் 640-ஐத் தாண்டினால் உருகிவிடும். நடுவில் இருப்பது அறுபது டிகிரிதான். உலைக்கு அது போதும், டார்ச் பிடித்த கைக்குப் போதாது. ஒரு குழாயை மூடப்போய்ப் பக்கத்துக் குழாயின் மூட்டை அவிழ்த்துவிடும் ஆபத்து எப்போதும் உண்டு.

ஆகவே ரேடியேட்டரின் நடுவில் கல் பட்டு ஒன்றிரண்டு குழாய் கிழிந்திருந்தால், நான் பெரும்பாலும் அந்தக் குழாய்களை இரண்டு முனையிலும் அடைத்துவிடுவேன். பல பத்துக் குழாய்களில் ஒன்றிரண்டு போனால் குளிர்ச்சியில் பெரிய வித்தியாசம் தெரியாது. நாலைந்து போனால் தெரியும். பாரம் ஏற்றி ஓடும் வண்டிக்கு அதைச் செய்ய மாட்டேன்.

இன்றைய ரேடியேட்டர்களில் இன்னொரு விஷயம், மேல் டேங்கும் கீழ் டேங்கும் பிளாஸ்டிக். கண்ணாடி இழை கலந்த நைலான். குழாய்கள் வந்து சேரும் அலுமினியத் தட்டின் ஓரத்துப் பற்களை மடக்கி, நடுவில் ரப்பர் வைத்துப் பிடித்திருப்பார்கள். ஒழுகுவது இந்த ரப்பர் வழியாக என்றால் வேலை சுலபம்: பற்களை நிமிர்த்தி, ரப்பரை மாற்றி, திரும்ப மடக்குவது. ஆனால் அந்தப் பற்கள் ஒரு தடவை நிமிர்த்தி மடக்குவதைத் தாங்கும், இரண்டாவது தடவை பாதி தாங்கும், மூன்றாவது தடவை கையோடு வந்துவிடும். டேங்கே பிளந்திருந்தால் புது டேங்க்தான். பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். சுமார் 15 பவுண்டு அழுத்தத்தில், கொதிக்கும் நிலையில் இருக்கும் கூலன்டுக்கு முன்னால் அந்த ஒட்டுப்போட்ட இடத்தை நம்பி நான் மூடியைத் திருக மாட்டேன்.

400 டிகிரிக்குக் கீழேயே உருகும் துத்தநாகக் கம்பிகள் விற்கிறார்கள். கேஸ் டார்ச் போதும், ஆர்கான் வேண்டாம் என்பார்கள். உண்மைதான், பிடிக்கும். கம்பி உருகியதும் அந்தக் குளத்துக்குள்ளேயே ஸ்டெயின்லெஸ் முள்ளால் சுரண்டி ஆக்சைடைக் கிழிக்க வேண்டும், அதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அலுமினிய டேங்கின் வெளிச்சுவர், பொருத்தும் காது போன்றவற்றுக்கு நானும் வைத்திருக்கிறேன். இன்டர்கூலரின் சூடான பக்கத்தில் வைக்க மாட்டேன். 200 டிகிரியில் துத்தநாகம் தளர்ந்து போகும்.

சரி, பசைக்கு வருகிறேன். எபாக்சியைத் திட்டித் தீர்ப்பேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். என் பெட்டியில் ஒரு டியூப் எப்போதும் இருக்கிறது. நடுவழியில் நின்ற வண்டியைப் பட்டறை வரைக்கும் கொண்டுவர அதைவிட நல்ல துணை கிடையாது. வண்டி ஆறவேண்டும், தண்ணீரை இறக்க வேண்டும், பெயின்ட் போகச் சுரண்ட வேண்டும், எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைக்க வேண்டும், பூசியபிறகு டியூபில் எழுதியிருக்கும் நேரம் முழுக்கக் காத்திருக்க வேண்டும். இதில் எதையும் செய்யாமல், ஈரத்தின் மேலேயே அப்பிவிட்டு "ஒட்டவே இல்ல" என்கிறார்கள். நன்றாகப் பூசியதும்கூட நிரந்தரம் இல்லை. சூட்டில் அலுமினியம் ஓர் அளவு விரியும், பசை அதைவிட அதிகமாக விரியும். தினமும் சூடேறி ஆறும் வண்டியில், இந்த இழுபறியில் பசையின் ஓரம் ஒருநாள் கிளம்பும். எங்களுக்கு அதில் இன்னொரு கஷ்டம்: பசை பூசிய இடத்தில் வெல்டிங் பிடிக்காது. முழுக்கக் கடைந்து எடுத்தால்தான் உண்டு. பூசியவர்கள் பட்டறையில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கசிவை அடைக்கும் பொடி, திரவம் எல்லாவற்றையும் பற்றி ஒரே வரி. அது ஓட்டையை மட்டும் தேடிப் போகாது, மெல்லிய வழி எங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் போகும். ரேடியேட்டர் குழாயும், இன்ஜினுக்குத் திரும்பும் புகையைக் குளிரவைக்கும் இ.ஜி.ஆர். கூலரும் அப்படிப்பட்ட வழிகள்தான்.

காரணத்தைத் தேடாமல் ஓட்டையை மட்டும் அடைத்து நான் அவமானப்பட்ட கதையும் உண்டு. ஒரே லாரியின் ரேடியேட்டர் இரண்டு தடவை என்னிடம் வந்தது. முதல் தடவை ரப்பர் ஓரத்தில் ஒழுகியது, மாற்றினேன். மூன்று வாரத்தில் எதிர்ப்பக்கம் ஒழுகியது. சப்பென்று ஆகிவிட்டது எனக்கு. அப்போதுதான் காலையில், ஆறிய வண்டியில், மூடியைத் திறந்துவைத்து இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தேன். தண்ணீரில் விடாமல் குமிழி. மூடியைப் போட்டு ஓடவிட்டால், தண்ணீர் சூடேறும் முன்பே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகியது. சிலிண்டருக்கு மேலே இன்ஜினை அடைத்துப் பிடிக்கும் ஹெட் கேஸ்கட் போய், சிலிண்டரின் அழுத்தம் ரேடியேட்டருக்குள் வந்துகொண்டிருந்திருக்கிறது. பாவம், ரேடியேட்டர் என்ன செய்யும்? எங்கே வலு குறைவோ அங்கே வாயைத் திறந்தது. அந்தச் சோதனைக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகாது. முதல் தடவையே செய்திருக்க வேண்டும்.

ஊசிக்குத்து மாதிரி ஓட்டைகள், அதுவும் ஒரே இடத்தில் இல்லாமல் ஆங்காங்கே வந்தால், கல்லைக் குறை சொல்ல முடியாது. அது அரிப்பு. உப்புத் தண்ணீர் ஊற்றியிருக்கலாம், கூலன்டை வருஷக்கணக்கில் மாற்றாமல் இருந்திருக்கலாம். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதை யாரும் பார்ப்பதில்லை. புதிதாக விளக்கோ ஹாரனோ மாட்டும்போது எர்த் வயரைச் சரியாகக் கொடுக்காவிட்டால், கரன்ட் திரும்பிப்போக வழி தேடிக் கூலன்ட் வழியாகப் போகும். போகிற வழியில் அலுமினியத்தைத் தின்றுகொண்டே போகும். மல்டிமீட்டரின் கறுப்பு வயரைப் பேட்டரியின் மைனஸில் வைத்து, சிவப்பு முனையை உலோகத்தில் படாமல் கூலன்டுக்குள் நனைத்து, விளக்கு, விசிறி எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தைத் தேட வேண்டும். இதைச் சரி செய்யாமல் புது ரேடியேட்டர் மாட்டினால் அதையும் தின்னும். "மாற்றிவிடுங்கள்" என்ற பதில் எனக்கு ஏன் உறுத்தியது என்று இப்போது புரிந்திருக்கும்.

நான் மாற்றச் சொல்வது எப்போது? ஃபின்னை விரலால் அழுத்தினால் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தால் மாற்றச் சொல்வேன். ஓட்டையை மூடச் சுத்தம் செய்யும்போது பக்கத்தில் இன்னொரு ஓட்டை திறந்தால் மாற்றச் சொல்வேன். அங்கே சுவரே இல்லை என்று அர்த்தம். குழாய்கள் தட்டில் சேரும் இடத்தில் வரிசையாக விரிசல் என்றாலும் அப்படித்தான். சூடேறி ஆறி, சூடேறி ஆறிக் களைத்துப்போன உலோகம் அது, ஒன்றை மூடினால் அடுத்தது திறக்கும். வந்தவரிடம் பழைய ரேடியேட்டரைக் காட்டி, விரலால் உதிர்த்துக் காட்டிவிட்டுத்தான் சொல்வது. நேரில் பார்த்தபிறகு யாரும் சண்டை போட்டதில்லை.

பட்டறைகளுக்கும் ஒரு வார்த்தை. தாமிர ரேடியேட்டரைக் கொதிக்கவைத்த காஸ்டிக் சோடாத் தொட்டி பல இடங்களில் இன்னும் இருக்கிறது. அலுமினியத்தை அதில் போட்டுவிடாதீர்கள். நான் போட்டிருக்கிறேன். பாலாகப் பொங்கியது, அழுக்கு போகிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு நின்றேன். போனது அலுமினியம். பொங்கியது ஹைட்ரஜன், பக்கத்தில் டார்ச் எரிந்துகொண்டிருந்தது. அப்புறம், வெல்டிங்குக்கு முன்னால் துடைக்க பிரேக் கிளீனரை எடுப்பவர்கள் டப்பாவின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். குளோரின் சேர்ந்த திரவமாக இருந்தால், மிச்சம் இருக்கும் ஈரமும் ஆர்க் வெளிச்சமும் சேர்ந்து பாஸ்ஜீன் என்ற விஷவாயு உருவாகும். முதலாம் உலகப் போரில் ஆளைக் கொல்லப் பயன்படுத்திய வாயு அது. அசிட்டோன் போதும், அதையும் முழுக்க உலரவிட்டுத்தான் ஆர்க்.

இறக்கிய கூலன்டைத் தரையில் கொட்டிவிட்டுப் போவதை இன்றும் பார்க்கிறேன். எத்திலீன் கிளைகால் நாக்குக்கு இனிக்கும், நாயும் பூனையும் நக்கும். சிறுநீரகம் போய்ச் செத்துவிடும். ஒரு வாளி வைப்பதற்கு என்ன சிரமம்?

உங்களிடம் கேள்வி கேட்ட அந்த ஓட்டுநருக்கு நீங்கள் மறுபடி பதில் எழுதுவதாக இருந்தால், முதலில் இவற்றைக் கேளுங்கள். ஒழுகுவது குழாயிலா, பிளாஸ்டிக் டேங்கிலா, இரண்டும் சேரும் ரப்பரிலா? ஒரே இடமா, பல இடமா? காலையில் ஆறிய வண்டியில் மூடியைத் திறந்து ஓடவிட்டால் குமிழி வருகிறதா? ஆறிய வண்டி என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். சூட்டில் மூடியைத் திறந்து முகம் வெந்தவர்களை எனக்குத் தெரியும். அவர் அனுப்பும் பதிலை எனக்கும் தெரியப்படுத்தினால், மாற்றுவதா பழுதுபார்ப்பதா என்று நானும் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ரேடியேட்டர் பட்டறைக்காரன் ஒருவன்
(பெயர் வேண்டாம்)